அக்காவின் முதல் மதிப்பெண்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கம், பதினான்கு கேள்விகள், வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். என் அக்கா விண்வெளிக்குப் போய்வந்தவள். அவளுடைய மூளை போனபடியே திரும்பியிருக்கிறதா என்று குடும்பத்தில் ஒருவர் எழுதித் தர வேண்டும்.

அத்தான் மறுத்துவிட்டார். "பொண்டாட்டியைப் பத்தி எழுதிக் குடுத்துட்டு அதே வீட்ல சாப்பிட முடியுமா மச்சான்?" என்றார். படிவம் என்னிடம் வந்தது.

நிரப்ப உட்கார்ந்தேன். கதை வந்துவிட்டது. கைவிட்ட தொடக்கங்கள் இவை:

[திரும்பி வந்தபோது அக்காவின் கண்களில் ஒரு] அவள் கண்களில் ஒன்றும் இல்லை.

[ஏழு மாதம் நிலவைச் சுற்றியவளுக்குப் பூமி] பூமியைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை. முதுகுவலியைப் பற்றித்தான் சொன்னாள்.

[என் அக்கா பொய் சொல்கிறாள்.] இது நல்ல தொடக்கம். அதனால்தான் அடித்தேன்.

2

டாக்டரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் மூளையின் குறுக்குவெட்டுப் படம். படிவத்தை அனுப்பிய டாக்டர் ஐம்பது வயதுப் பெண். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"உங்க அக்கா போன இடத்துல பூமியோட காந்தப்புலம் காப்பாத்தாது. கதிர் நேரா வரும். இரும்பு அணுவோட கரு மாதிரி கனமான துகள்கள். விண்கலத்தோட சுவரும் முழுசாத் தடுக்காது, எலும்பும் தடுக்காது."

"மூளைக்கு என்ன ஆகும்?"

"எலிக்கு என்ன ஆகும்னு தெரியும்."

சொன்னார். ஒரு பழைய பொருளையும் ஒரு புதிய பொருளையும் எலியின் முன் வைப்பார்கள். சாதாரண எலி புதியதைப் போய் முகர்ந்து பார்க்கும். கதிர் பட்ட எலிக்குப் பல நேரம் இரண்டும் ஒன்றுதான். பயப்பட வேண்டியதில்லை என்று ஆன பின்னும் அது முன்பு பயந்த இடத்தில் பயந்துகொண்டே இருக்கும்.

"மனுஷங்களுக்கு?"

"உறுதியாத் தெரியாது. அவ்வளவு தூரம், அவ்வளவு நாள், அவ்வளவு பேர் போகலை." ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். "ஞாபகப் பரிட்சையில போறதுக்கு முன்னாடி எழுபத்தொண்ணு. வந்தப்புறம் எழுபத்திரண்டு. மாற்றமே இல்லை."

"அப்புறம் எதுக்குப் படிவம்?"

"தாள் அவங்ககூட வீட்ல இருந்து பார்க்கிறதில்லையே."

அடுத்த பயணத்துக்கு அக்காதான் தலைவி. அவளோடு மூன்று பேர் போகிறார்கள். இம்முறை ஒன்றரை வருடம்.

"நீங்க எழுத்தாளர். கவனிக்கிறது உங்க தொழில்" என்றார் டாக்டர்.

நான் அவரைத் திருத்தவில்லை. என் தொழில் கவனிப்பது அல்ல. கவனித்ததுபோல் எழுதுவது.

3

டாக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். முதல் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு, அக்கா வீட்டுச் சமையலறையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"முதல் பரிட்சையில வேணும்னே கொஞ்சம் சறுக்கிட்டேன்டா."

"ஏன்?"

"வந்தப்புறம் நிஜமாவே சறுக்கினா? அப்போ யாருக்கும் வித்தியாசம் தெரியாதில்ல."

"ஏமாத்து வேலை."

"முன்னெச்சரிக்கை."

சிரித்தாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எழுபத்தொன்று பொய். உண்மையில் தொண்ணூறாக இருக்கலாம். அப்படியானால் எழுபத்திரண்டு என்ன? ஒன்று, மூளை நிஜமாகவே இறங்கி, அவள் நடித்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இல்லையென்றால் மூளை பழுதில்லாமல் இருக்கிறது. பழைய பொய்யோடு ஒத்துப்போக மறுபடியும் அளந்து சறுக்கியிருக்கிறாள். அதற்கு அபார நினைவு வேண்டும். ஒரே எண்ணுக்குப் பின்னால் இரண்டு அக்காக்கள்.

(கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். "இரண்டாவது பரிட்சையிலயும் வேணும்னுதான் சறுக்கினியா?" "பின்னே?" என்றாள். ஒரு "பின்னே"யை வைத்துக்கொண்டு நான்கு பக்கப் படிவத்தை நிரப்ப முடியாது.)

4

கதாபாத்திரமாக அக்கா நிற்க மறுக்கிறாள். சான்று என்று நான் எதை எழுதினாலும் அது இரண்டு பக்கமும் சாய்கிறது.

முன்பெல்லாம் யார் பேசினாலும் பாதியில் வெட்டுவாள். இப்போது முடிக்கும்வரை காத்திருக்கிறாள். பொறுமை வந்திருக்கிறது என்கிறார் அத்தான். வேகம் போய்விட்டது என்கிறது என் சந்தேகம்.

லிஃப்டுக்குள் நுழைந்தால் பொத்தானை உடனே அழுத்துவதில்லை. எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துகிறாள். பயிற்சியா, தடுமாற்றமா?

"அங்க கண்ணை மூடினா மின்னும்டா. துகள் கண்ணுக்குள்ள போறப்போ அப்படித்தான். முதல்ல எண்ணினேன். அப்புறம் விட்டுட்டேன்."

"எத்தனை வரைக்கும் எண்ணினே?"

"மறந்துட்டேன்."

இதை நான் குறித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். "போன மாசம் நீ எத்தனை தடவை தும்மினே, சொல்லு பார்ப்போம்" என்றாள்.

எலிச் சோதனையையும் செய்தேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர்கள் வீட்டு மேசையில் பல வருடமாக ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கிறது, காகிதம் பறக்காமல் வைக்க. அதன் பக்கத்தில் செம்பில் செய்த ஒரு புதிய ஆமையை வைத்தேன். அக்கா வந்தாள், கடிதங்களைப் பிரித்தாள், போனாள். ஆமையைப் பார்க்கவில்லை. பிறகு அத்தான் வந்தார். அவரும் பார்க்கவில்லை. அவர் மொட்டை மாடிக்குமேல் எங்கும் போனவரில்லை.

டாக்டரிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டுப் போனேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே மறுத்தார்.

"பதிமூணு கேள்வியை விட்டாலும் பரவாயில்லை. பதினாலாவதை மட்டும் எழுதுங்க."

பதினான்காவது கேள்வி: இவருடைய முடிவுகளை நம்பி உங்கள் உயிரை ஒப்படைப்பீர்களா? ஆம். இல்லை.

5

இதுவரை எழுதியதை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

காரணம் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பகுதியில் டாக்டரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. நான்காம் பகுதியில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். வேண்டுமென்றே வைத்தேன். பழைய அக்கா என் கதைகளில் இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பென்சிலால் வட்டமிட்டுத் தள்ளுவாள். இப்போதைய அக்கா என்ன செய்கிறாள் என்று பார்க்க நினைத்தேன்.

(நீங்கள் கவனித்தீர்களா? இல்லையென்றால், நீங்கள் எந்தக் கோளுக்குப் போய்வந்தீர்கள்?)

இரண்டு நாள் வைத்திருந்தாள். போனேன். பக்கங்கள் மேசையில் இருந்தன. ஒரே ஒரு வட்டம்.

"என்னைக் கொஞ்சம் சாதுவாக் காட்டியிருக்கே" என்றாள். "மத்தபடி ஒரே ஒரு தப்பு."

காத்திருந்தேன்.

"சமையலறையில இல்லடா. கார்ல. நீதான் ஓட்டினே. சிக்னல்ல நின்னப்போ சொன்னேன்."

"நீ வெங்காயம் நறுக்கிட்டிருந்தே."

"நான் எப்போடா வெங்காயம் நறுக்கினேன்? அது உங்க அத்தானோட இலாகா."

அது உண்மைதான். அக்கா கத்தியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பலகையும் வெங்காயமும் அவள் கையும் எனக்குத் தெரிகின்றன. இப்போதும் தெரிகின்றன.

பதற்றத்தில் கேட்டுவிட்டேன். "ஜன்னலைக் கவனிக்கலையா?"

பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி முன்னால் திருப்பினாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள்.

"பார்த்தேன். சோதனைன்னு புரிஞ்சது. சோதனைன்னா நான் என்ன பண்ணுவேன்னுதான் உனக்குத் தெரியுமே."

(டாக்டராக இருந்தால் கேள்வியிலேயே விடையைக் கொடுத்திருக்க மாட்டார்.)

"உனக்கே தெரியலையா அக்கா? உள்ளுக்குள்ள ஏதாவது மாறியிருந்தா?"

"மாறியிருந்தா அதைச் சொல்றதும் அதே மூளைதானேடா."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு இன்னொரு தடவை போகணும்" என்றாள். "அதை மட்டும் மனசுல வச்சுக்கோ. இல்ல, வச்சுக்காதே. உன் இஷ்டம்."

6

அத்தானிடம் போனேன். சமையலறையா, காரா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அவர் வெங்காயம் நறுக்கவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"முதல் பரிட்சையைப் பத்தி அக்கா உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா அத்தான்?"

"என்ன பரிட்சை?"

விவரமாகச் சொன்னேன். தண்ணீர்க் குழாயை மூடினார்.

"அது உன் கதையாச்சே மச்சான்."

"என்ன கதை?"

"அவ கிளம்பறதுக்கு முந்தின வருஷம், சாப்பிட்டுக்கிட்டே நீ சொன்னே. விண்வெளிக்குப் போற ஒருத்தி முதல் பரிட்சையில வேணும்னே தப்பா எழுதுவா. திரும்பி வந்ததும் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நல்லா இருக்கு, எழுதுன்னு நான்கூடச் சொன்னேன். அவளும் பக்கத்துல இருந்தா. நீ வழக்கம்போல எழுதலை."

"எனக்கு ஞாபகமே இல்லையே."

"நீ எங்கயும் போய்வரலையே" என்றார் அத்தான். குழாயை மறுபடி திறந்தார்.

வீட்டுக்கு வந்து அந்த வருடத்துக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். ஒரு வரி இருந்தது. "முதல் பரிட்சை. வேண்டுமென்றே." யார் சொன்னது என்று எழுதியிருக்கவில்லை. தேதியும் இல்லை. கையெழுத்து என்னுடையதுதான்.

இனி நான் யாரைச் சந்தேகப்படுவது?

அக்கா என் கதையைக் கேட்டு அப்படியே செய்திருக்கலாம். அப்படியானால் அந்த ஏமாற்றை எழுதிக் கொடுத்தவன் நான்.

அவள் எதுவுமே செய்யாமல் இருந்திருக்கலாம். நான் யோசித்த கதையை அவளுடைய வாக்குமூலம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போது எழுபத்தொன்று உண்மை, எழுபத்திரண்டும் உண்மை, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் ஒரு காரையும் சிக்னலையும் நினைவுவைத்திருக்கிறாளே? நடக்காத ஒன்றுக்கு இடம் திருத்தித் தருகிற மூளை நல்ல மூளையா? அப்படிக் கேட்டால், என் வெங்காயம்?

அத்தான் கதை கட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நான் டாக்டரிடம் வாய் திறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. மனைவி போவதில் அவருக்கு விருப்பமா இல்லையா என்று இருபது வருடமாக என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

7

வியாழன் காலை. எழுதிப் பார்த்த முடிவுகள்:

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அக்காவை நிறுத்திவிடுகிறார்கள். அவள் நன்றாகத்தான் இருந்தாள் என்று பிறகு தெரியவருகிறது. [எப்படித் தெரியவரும்? தெரிய வழியில்லை என்பதுதானே இந்தக் கதை.]

சொல்லவில்லை. போகிறாள். நாலு பேரும் நல்லபடியாகத் திரும்புகிறார்கள். [இது முடிவு அல்ல. அதிர்ஷ்டம்.]

சொல்லவில்லை. போகிறாள். ஒரு நாள், ஒரு பொத்தானுக்கு முன்னால், அவள் எண்களை ஒருமுறை பார்த்துவிட்டு [இதை எழுத மாட்டேன்.]

8

அன்று பகல் ஒரு போன் வந்தது. தெரியாத எண். இளம் பெண்ணின் குரல்.

"உங்க அக்காகூடப் போறவங்கள்ல நான் ஒருத்தி சார். விமானி. படிவம் உங்ககிட்ட இருக்குன்னு கேள்விப்பட்டேன். இதைப் பத்தி உங்ககிட்ட பேசக் கூடாது. பேசறேன்."

"சொல்லும்மா."

"வாடகைக்கு வீடு பார்க்கிறப்பகூட நாலு பேரை விசாரிக்கிறோம். அதான்."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாலு மாசமா அவங்ககூடப் பயிற்சியில இருக்கேன். ஒரு குறையும் இல்லை. ஆனா முதல் பயணத்துக்கு முன்னாடி அவங்க எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கும்..." என்று தொடங்கினேன்.

"அவங்க தலைமையில நீங்க ஏறுவீங்களா சார்?"

"ஏறுவேன்." யோசிக்கவே இல்லை.

"நீங்க தம்பி. ஏறுவீங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. காலேஜ்ல படிக்கிறா."

"அவ ஏறலாமா?"

கதை என்றால் இங்கே நிறுத்தி, அவளை மறுமுனையில் வேண்டிய மட்டும் காக்கவைத்திருப்பேன். போனில் அது முடியாது. ஒரு சொல் சொன்னேன்.

"சரிங்க சார்" என்றாள். குரலிலிருந்து எதுவும் தெரியவில்லை. வைத்துவிட்டாள்.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். பதிமூன்று கேள்விகளை விட்டுவிட்டேன். பதினான்காவதில் ஒரு கட்டத்தில் குறி போட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் இல்லாத அறையில் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் பார்த்தார். பேனா மூடியை மாட்டினார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னதும் கட்டத்தில் போட்டதும் ஒன்றல்ல.

எதை எங்கே சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருமுறை அவள் உங்கள் அக்கா என்று வைத்து. இன்னொருமுறை அந்த விமானி உங்கள் மகள் என்று வைத்து. இரண்டு முறையும் ஒரே விடை வந்தால் நீங்கள் என்னைவிட நேர்மையானவர். அல்லது ஒருமுறை சரியாக நினைத்துப் பார்க்கவில்லை.