பத்து லட்சத்து ஒன்பது

எண் அட்டவணைப் புத்தகங்கள் போடும் அலுவலகத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அடுத்தடுத்த மேசை. கணிப்பொறி வராத காலம். சீட்டுக்கு ஓர் ஏழு இலக்க எண் வரும். அது ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் வகுபடாத பகா எண்ணா, வகுபடும் பகு எண்ணா என்று எழுதித் தர வேண்டும்.

அண்ணிக்குப் பதினோரு வருஷப் பழக்கம். மூன்று, ஏழு, பதினொன்று என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போவாள். நாளைக்கு நாலு சீட்டு முடித்தால் அதிகம். அவள் சிபாரிசில் மூன்று மாதம் முன்பு சேர்ந்த நாத்தனாரோ ஒன்பது முடித்தாள். வகுத்துப் பார்த்த தாளும் பாதி காலியாகவே கிடந்தது.

வாய்க்கு வந்ததை எழுதுகிறாளோ? மாட்டினால் முதலில் உருளப்போவது என் தலைதானே என்று நினைத்தாள் அண்ணி. கணவனிடம் சொன்னபோது, "என் தங்கச்சி மேல உனக்கு எப்பவுமே ஒரு கண்ணு" என்று பேச்சை முடித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அண்ணி ஓர் எண்ணைப் பிடித்தாள். 1000009. பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். ஆனால் 293-ஐ 3413-ஆல் பெருக்கினால் வந்துவிடும். குத்துமதிப்பாக எழுதுபவள் இதில் விழாமல் இருக்க முடியாது. திங்கள் காலை அதை ஒரு சீட்டில் எழுதி நாத்தனாரின் கட்டுக்குள் செருகினாள்.

சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது: பகு எண்.

என் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டாளோ என்று நினைத்தாள் அண்ணி. தன் பையைத் திறந்து பார்த்தாள். கணக்குப் போட்ட காகிதம் மடித்தது மடித்தபடி இருந்தது. எடுத்துப் பார்த்தவளுக்குத் திரும்ப மடித்து வைக்கவா தெரியாது?

"இது எதால வகுபடுது?"

"தெரியாது அண்ணி."

"தெரியாமலா எழுதின?"

நாத்தனார் தாளைத் திருப்பிக் காட்டினாள். மேலே, ஆயிரத்தின் வர்க்கமும் மூன்றின் வர்க்கமும் கூட்டியிருந்தது. கீழே, 972-இன் வர்க்கமும் 235-இன் வர்க்கமும். இரண்டுக்கும் ஒரே விடை.

"பகா எண்ணு ரெண்டு வர்க்கமா பிரிஞ்சா ஒரு விதமாத்தான் பிரியும். இது ரெண்டு விதமா பிரியுது. அப்ப பகு எண்தானே? எதால வகுபடும்னு சீட்டுல கேக்கலையே."

அண்ணி பென்சிலை எடுத்தாள். 944784. 55225. கூட்டினால் சரியாக வந்தது. தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். 293 எங்கேயும் இல்லை. பையைத் துழாவியிருந்தால் அதுதானே முதலில் இருந்திருக்கும்?

"எல்லாத்துக்கும் இது ஆகாது. ஆகாதத காலையில எந்திரிச்சு வீட்டுல வகுத்துட்டு வர்றேன்" என்ற நாத்தனார், சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல அலுவலக முத்திரை இல்லையே அண்ணி. யார் வச்சது?"

"நான்தான்."

"என் மேல சந்தேகமா?"

"ஆமா. இப்ப இல்ல."

நாத்தனார் முகம் சுருங்கிப் போயிற்று. "எதால வகுபடுதாம்?"

"இருநூத்தி தொண்ணூத்தி மூணு."

அவள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. தானே வகுத்து, மீதி இல்லை என்று கண்ட பிறகுதான் பென்சிலை வைத்தாள்.

அந்த வாரம் இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரம் அண்ணி நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டாள். "அந்த வர்க்கக் கணக்க எனக்கும் சொல்லிக் குடு."

நாத்தனார் தன் தாளை நடுவில் தள்ளி வைத்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.