முக்கால்வாசி மூக்குள்ள கார்

மூட்டைக்காரனுக்கு மச்சினன் தரவேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். கிடங்கில் மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போன அவன், கட்டில் வாங்க ஒதுக்கி வைத்திருந்து, மச்சினனுக்குக் கடனாகக் கொடுத்த பணம் அது. தரையில் படுத்து எழுவதற்குள்ளேயே அவனுக்குப் பாதி நாள் கூலி வேலை முடிந்த களைப்பு வந்துவிடும்.

பழைய பேப்பர் கடை வைத்திருந்த மச்சினன், ஒருநாள் பணத்துக்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தான்.

"ரெண்டாம் உலகப் போருக்கு முந்தி கார் விளம்பரத்துக்குக் கையால வரைஞ்சது மாமா. வச்சுக்குங்க. கணக்கு நேர்."

"இதுமேலயாடா உங்க மாமா படுப்பாரு?" என்றாள் அவன் அக்கா, மூட்டைக்காரனின் மனைவி.

மச்சினன் ஓடியே போய்விட்டான். படத்தில் ஈரச் சாலை. அதில் முக்கால்வாசி மூக்காகவே நீண்ட பச்சைக் கார். ஓட்டுகிறவன் கட்டைவிரல் அளவு. பின்னால் தொப்பிக்காரி ஒருத்தி, ஒரு நாய். மூட்டைக்காரனுக்கு எதைப் பார்த்தாலும் எத்தனை மூட்டை பிடிக்கும் என்றுதான் புத்தி போகும். அந்த மூக்கில் மட்டும் நாற்பது பிடிக்கும்போல இருந்தது.

"கார் இவ்வளவு நீளமா இருக்காதுடி."

"ஆளு குள்ளனா இருப்பான்."

"அந்தம்மா?"

"குடும்பமே அப்படியிருக்கும்."

"நாயுமா?"

அவள் நாயை வெகுநேரம் பார்த்தாள்.

"வரைஞ்சவன் வேணும்னே ஆளைச் சுருக்கிட்டு காரை இழுத்திருக்கான்," என்றான் அவன். "பொய்தான். ஆனா என்ன அழகா சொல்லியிருக்கான் பாரு. உன் தம்பிக்கு இந்த வித்தை வரலை."

அதற்குப் பிறகு அவள் தினமும் தம்பியைத் திட்டினாள், திட்டிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தாள். தொப்பிக்காரிக்கு இந்தக் காற்றில் தொப்பி எப்படி நிற்கிறது என்பது அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

மாதம் ஒன்று போயிருக்கும். மச்சினன் பணத்தோடு வந்து நின்றான்.

"ஒருத்தர் அந்தப் படத்துக்கு ரெண்டு மடங்கு தர்றேங்கிறாரு மாமா. இந்தாங்க உங்க பணம். படத்தக் குடுத்துடுங்க."

நோட்டுக்கட்டில் மூட்டைக்காரனுக்குக் கட்டிலின் நான்கு கால்களும் தெரிந்தன. மனைவியைப் பார்த்தான். அவள் துடைக்கிற துணியோடு படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தாள்.

"கணக்கு நேர்னு நீதானேடா சொன்ன?"

"அக்கா, மாமா இடுப்பு..."

இடுப்பும் ஏதோ சொல்லத்தான் வந்தது. அவன் விடவில்லை. "அதான் நேராயிருச்சே மாப்ள. கிளம்பு."

அன்று மாலை வேலை விட்டு வந்து அவன் தரையில் சாய்ந்தான். கீழிருந்து பார்க்கையில் காரின் மூக்கு இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. கட்டைவிரல் ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான். நாய் மட்டும் இவனைப் பார்த்தது.