கிழக்குப் பார்த்த கருவி

பாறைமேல் ஆவணி வெயில். வெயிலுக்குள் நாலு சொட்டு மழை. எதை நம்புவதென்று தெரியாத ஒரு காலை.

பாறையில் ஒரு குழி. குழிக்குள் நிலநடுக்கமானி. எங்கோ பூமி குலுங்கும். அலை அடியாழத்திலிருந்து ஏறி வரும். நிலத்தட்டின் அடிவிளிம்பைக் கடக்கையில் அதில் ஒரு கீற்று பிரியும். இரண்டும் வந்து சேரும் இடைவெளியை வைத்துத் தட்டின் தடிமனைச் சொல்லிவிடலாம்.

ஆய்வு மாணவி அங்கயற்கண்ணி சொல்லியும்விட்டாள். பத்து மாதக் கணக்கு. இந்த மலைக்கடியில் தட்டு பாதிக்குப் பாதி மெலிந்திருக்கிறதாம்.

பதினொரு மணிக்கு ஆய்வு நிறுவன இயக்குநர் பரமகுருநாதர் அதை உலகுக்கு அறிவிப்பார். உலகம் என்றால் நகரத்து அரங்கில் எட்டு நிருபர்கள், இருநூறு போண்டா. அப்போது அவள் இங்கிருந்து கருவியை நேரலையில் காட்ட வேண்டும்.

பத்தே முக்கால். மூடியைத் திறந்தாள். கருவியின் தலையில் அதே பழைய குங்குமம். நாலு முறை வந்தபோதும் பார்த்ததுதான்; சிரித்துப் படமெடுத்ததுதான். இன்று கேமராவுக்காகத் துடைத்தாள்.

குங்குமத்துக்கு அடியில் அம்புக்குறி. வடக்கே பார்க்க வேண்டிய அம்பு. அது வெயில் வரும் திசையைப் பார்த்தது.

பின்னால் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாந்தாம்மா திருப்புனேன்," என்றார் காவல்காரர் சடையப்பன். "போன ஆயுத பூஜைக்கு. பூஜையில வச்ச சாமான் கிழக்கதானே பாக்கணும்?"

பத்து மாதம். ஜப்பானில் குலுங்கியது ஈரான் பக்கமிருந்து வந்ததாய்ப் பதிவாகியிருக்கிறது. திசை தவறினால் எது கீற்று என்பதே தவறும்; தடிமனும் தவறும். கணக்கு கருவியை நம்பியது. அவள் கணக்கை நம்பினாள். அம்பை யாரும் பார்க்கவில்லை.

இயக்குநரை அழைத்தாள்.

"கருவி திரும்பினா என்னம்மா, பூமி திரும்பலையே? குங்குமத்தை மறுபடி வை. ஆய்வேட்டுல என் கையெழுத்து வேணுமா, வேணாமா?"

"என் வேலை போயிடுமாம்மா?" சடையப்பன் குரல் தணிந்திருந்தது.

பத்து ஐம்பத்தெட்டு. பத்து ஐம்பத்தொன்பது.

கைபேசித் திரை விழித்தது. மாலை, பொன்னாடை, பரமகுருநாதர். "பூமித்தாய் என் காதில் சொன்ன ரகசியம்…" கைதட்டல். "இதோ, அந்தக் கருவி!"

அவள் திசைகாட்டியைக் கருவியருகே வைத்தாள். கேமராவைக் கிட்டே கொண்டுபோனாள். முள் ஆடியது. ஆடியது. நின்றது.

"முள் காட்டுறது வடக்கு. அம்பு காட்டுறது கிழக்கு. பத்து மாசமா நான் சரிபார்க்கல. தப்பு என்னோடது. அந்தத் தடிமன் பொய்."

அரங்கில் ஒரு போண்டா வாய்க்குப் போகும் வழியில் அப்படியே நின்றது.

மழை வலுத்தது. சடையப்பன் குடையை விரித்தார். அவளுக்கல்ல. கருவிக்கு.