பன்னிரண்டில் ஆறு

“6 மார்ச் 2025, வியாழன். இன்று ஒரு சிறு தவறு. தங்கராஜுவின் கட்டுரையில் ஏழு வாக்கிய அமைப்புகள் இருந்தன. ஆறு என்று போட்டுவிட்டேன். மூன்றாம் நிலைக்கு எட்டு வேண்டும். ஆகவே முடிவு மாறாது.”

எழுதிய பிறகும் வைஷாலிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாட்குறிப்பை மூடினாள், மறுபடி திறந்தாள். ஆங்கிலம் கற்பிக்க மாலை வகுப்பில் பயிற்சி பெறுபவள் அவள். பயிற்சிக்காக, சிங்கப்பூரில் தேக்கா பக்கம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு நடக்கும் ஆங்கில வகுப்பின் தேர்வுத் தாள்களைத் திருத்தினாள். திருத்துபவருக்குத் தரும் பட்டியலில் பன்னிரண்டு வாக்கிய அமைப்புகள். ஒருவர் எத்தனையைச் சரியாகக் கையாள்கிறாரோ, அதை வைத்தே அவர் நிலை. அந்த வகுப்பில் படிக்கும் தங்கராஜு, கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். மூன்றாம் நிலை கிடைத்தால்தான் மேற்பார்வையாளர் பயிற்சியில் சேர முடியும். அதற்குத் தேறியவர்களின் பெயர்ப் பட்டியல் நாளை காலை பத்து மணிக்குப் போகிறது.

உணவங்காடியில் அவள் மேசைக்கே, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீரோடு வந்து உட்கார்ந்தார் தங்கராஜு.

“என்ன மிஸ், என்னைய ஒரேயடியா கவுத்துட்டீங்களாமே?”

“யாருண்ணே சொன்னா?”

“கூடப் படிக்கிற ஜாஃபர்தான். அவன் பாஸாம்லா. மூணு பக்கம் சுத்திச் சுத்தி எழுதியிருக்கான். கீழ விழுந்த ஆளு இன்னும் ஆஸ்பத்திரி போய்ச் சேரல.”

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “நீங்க எல்லாமே குட்டிக் குட்டி வாக்கியமா எழுதியிருக்கீங்க.”

“விபத்தப் பத்தித்தானே எழுதச் சொன்னீங்க? சைட்ல ரிப்போர்ட் அப்படித்தான். ஒரு வரி, ஒரு விஷயம். நீட்டினா சேஃப்டி ஆபீசர் மூஞ்சில எறிவாரு.”

அந்தத் தலைப்பே அவரைக் குட்டி வாக்கியங்களுக்குத் தள்ளியிருக்கிறது. இதை அவள் யோசிக்கவே இல்லை.

“அப்ப வேற ஏதாச்சும் எழுதுங்கண்ணே. யார்மேலயாவது கோவம் இருக்கா?”

“இல்லாமயா? டோர்மிட்டரில சொல்லாம கொள்ளாம தண்ணிய நிறுத்துறானுங்க.”

அவள் நீட்டிய வெள்ளைத் தாளில் இருபது நிமிடம் தலை நிமிராமல் எழுதினார். தேநீரில் ஆடை படிந்தது. முன்னமே சொல்லியிருந்தால் வாளிகளில் பிடித்து வைத்திருப்போம், வியர்வையோடு தூங்கியிருக்க மாட்டோம் என்று ஆங்கில வரிகள் நீண்டு நீண்டு போயின. எண்ணினாள்: பத்து. நம்பாமல் மறுபடி எண்ணினாள்: ஒன்பது. மூன்றாம் முறையும் ஒன்பதுதான்.

“தேறுவேனா மிஸ்?”

“தெரியலண்ணே. தேர்வுத் தாள மட்டும்தான் எண்ணணும்னு ரூல். வகுப்ப நடத்துற புஷ்பராணி மிஸ் ஒத்துக்கணும்.”

“அவங்க ஒத்துக்கலன்னா?”

அவள் நாட்குறிப்பை இழுத்து எழுதினாள்.

“நாளை: ஒன்பது மணிக்குப் புஷ்பராணி மிஸ்ஸின் அறை. தங்கராஜுவின் இரண்டு தாள்களையும் காட்ட வேண்டும். விபத்தைப் பற்றி எழுதிய மற்ற பதினேழு பேருக்கும் வேறொரு தலைப்பு தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.”