உப்பு பட்ட வாய்

நீதிபதி நேரில் வந்து பார்த்து, 'இந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் கும்பிடுகிற குகை இந்த மலையில் இருக்கிறது' என்று எழுதினால் மலை எங்களுக்கு. எழுதாவிட்டால் சிமெண்டுக் கம்பெனிக்கு. வழக்கு இவ்வளவுதான். இதற்காக என் பெரிய தம்பி மக்காரியோ செருப்புத் தேயக் கோபான் நகரத்துக் கோர்ட்டுக்கு அலைந்தான். நான் அந்த நகரத்துச் சந்தையில் சோளமாவை இலையில் கட்டித் தமால் அவித்து விற்கிறவள். அவன் வரும்போதெல்லாம் என் வீட்டில்தான் படுக்கை. தூக்கத்தில்கூட 'ஐயா, ஐயா' என்று புலம்புவான்.

கடைசியில் நீதிபதி வரச் சம்மதித்தார். ஊருக்குள் மூச்சுவிட முடியாத பதற்றம். நானும் கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனேன்.

குகைக்கு ஆட்களை அழைத்துப்போவது எங்கள் குடும்பத்துப் பொறுப்பு. அப்பாவுக்குப் பிறகு அது மக்காரியோவிடம் வந்தது. நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது, கையை நீட்டிக் காட்டவும் கூடாது. உப்பு ஆகாது, மிளகாய் ஆகாது, கறி ஆகாது, பெண்டாட்டி பக்கத்தில் படுப்பது ஆகவே ஆகாது. அப்படி நாள்கணக்காக இருந்தவன் குங்கிலியம் போட்டுப் பேசினால்தான் உள்ளே இருக்கும் மலைக்காரர் காதுகொடுப்பார். மான்கள் அவர் மந்தை, பாம்புகள் அவர் ஊஞ்சல் கயிறு. எங்கள் அப்பா ஒரு தடவை மறதியாக உப்புக்கருவாட்டைத் தின்றுவிட்டு உள்ளே போனார். அந்த வாரமே தொட்டிலில் கிடந்த எங்கள் தங்கையைப் பாம்பு கடித்தது. மலைக்காரர் தப்புச் செய்தவனைத் தொடமாட்டார். அந்த வீட்டில் இருப்பதிலேயே சின்ன உயிரைத்தான் எடுப்பார். நியாயமா என்றால் நியாயமில்லைதான். அவரிடம் போய் யார் கேட்பது?

சின்னத் தம்பி அபெலினோவிடம் இதையெல்லாம் பேச முடியாது. அவன் கல்யாணமான புதிதில் அல்லேலூயா சபையில் சேர்ந்து, பைபிள் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷும் படித்து, குகையைச் சாத்தான் வீடு என்று சொல்லத் தொடங்கினான். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. ஆனால் அபெலினோவின் சோளக்காடும் அதே மலையடிவாரத்தில்தான். மலை போனால் அதுவும் போகும். கர்த்தரின் பிள்ளை என்று கம்பெனி விட்டுவைக்குமா என்ன?

நான் போய்ச் சேர்ந்தபோது மக்காரியோ வாசலில் தனியாக உட்கார்ந்து உப்பில்லாத ரொட்டியைச் சவைத்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஹெர்லிந்தா என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"வாங்க அண்ணி. ஒங்க தம்பியக் கொஞ்சம் பாருங்க. என்னைக் கண்டா பேயக் கண்ட மாதிரி அந்தப் பக்கமா ஓடுறாரு."

"ஓடட்டும்டி. ஊருக்காகத்தான ஓடுறான். பேத்தி எடுத்தாச்சு, இன்னும் ஒனக்கு என்ன?"

அவள் தோளில் கிடந்த துவாலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகள் வயிற்றுப் பேத்தி தொட்டிலில் தூங்கியது. பிறந்து மாதம்கூட நிறையவில்லை.

சாயங்காலம் எங்கள் வக்கீலம்மா தலைநகரத்திலிருந்து போன் செய்தாள். மழையில் பாதை சரிந்துவிட்டதாம். நீதிபதி அடுத்த மாதம்தான் வருவாராம். ஊரே பெருமூச்சு விட்டது. மக்காரியோவோடு சேர்ந்து விரதம் இருந்த ஆண்கள் எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள். ஹெர்லிந்தா வான்கோழியைப் பிடித்தாள்.

"எதுக்கும் இருந்து பாக்கலாமே," என்றான் மக்காரியோ.

"இன்னும் என்னத்தப் பாக்குறது? அடுத்த மாசம்னு வக்கீலம்மாவே சொல்லியாச்சு. இப்பிடி எலும்பும் தோலுமா, கண்ணு குழி விழுந்து நின்னா, நீதிபதி ஒங்களையே குகைன்னு எழுதிட்டுப் போயிருவாரு."

ஹெர்லிந்தா சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். மக்காரியோவும் சிரித்துவிட்டான். மிளகாய் மணக்கச் சிவக்கச் சிவக்கக் கொதித்த வான்கோழிச் சாற்றை ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தோம். அவன் இரண்டாவது கிண்ணம் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு அவன் வாசலில் படுக்கவில்லை.

விடிந்து சற்று நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. கம்பெனியே மண்ணள்ளும் இயந்திரத்தை அனுப்பி, சரிந்த பாதையைத் திறந்துவிட்டதாம். நீதிபதி, எழுதுகிற குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர், கம்பெனி வக்கீல் எல்லாரும் வந்து இறங்கினார்கள். எங்கள் வக்கீலம்மா இல்லை, போனும் எடுக்கவில்லை.

நீதிபதி கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். "உங்கள் குகையைப் பார்க்கலாமா?"

மக்காரியோ முன்னால் வந்தான். "குகை இருக்குய்யா. இன்னிக்குக் காட்ட முடியாது."

"ஏன்?"

"நேத்து உப்பு தின்னுட்டேன். கறியும் தின்னுட்டேன்." ஹெர்லிந்தா பக்கம் திரும்பாமல், "வீட்டுக்காரி கூடவும் இருந்துட்டேன்," என்றான். அத்தனை பேர் முன்னாலும் சொன்னான். ஹெர்லிந்தா வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் கம்பெனி வக்கீல் சத்தமாகச் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. வேறு யாராவது காட்டுங்கள் என்றார். விரதம் இருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எல்லார் வயிற்றிலும் அதே வான்கோழி. அடுத்த மாதம் வர முடியுமா என்று மக்காரியோ கேட்டான். இன்றைக்கு விட்டால் வழக்கை முடித்து எழுதியாக வேண்டும் என்றார் நீதிபதி. சரி, உள்ளே என்னதான் இருக்கிறது, அதையாவது சொல்லுங்கள் என்று கேட்டார்.

மக்காரியோ சொன்னான். ஆதியில் சோளம் எல்லாம் பாறைக்குள் அடைபட்டுக் கிடந்தது. எறும்புகள் மட்டும் இடுக்கு வழியாக எடுத்துவந்து தின்றன. எறும்பு சிந்தியதை நரி பொறுக்கித் தின்று குசுவிட்டது. அந்தப் புது வாசனையில்தான் மற்ற மிருகங்களுக்கு விஷயம் தெரிந்தது. மரங்கொத்தி தட்டிப் பார்த்து மெல்லிய இடத்தைக் கண்டுபிடிக்க, கிழட்டு இடி வந்து அங்கே பிளந்தது. அந்தச் சோளத்தில் செய்த மாவுதான் நம் உடம்பு. அந்தப் பாறை இங்கேதான் இருக்கிறது.

"இந்தக் கதையை இந்த மாகாணத்தில் எந்த ஊரிலும் சொல்வார்கள்," என்றார் கம்பெனி வக்கீல். "எந்தப் பாறை? மலை முழுக்கப் பொந்துதான். கையை நீட்டிக் காட்டட்டும்."

மக்காரியோ கையை நீட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சட்டையைப் பிடித்து மாட்டுக்கொட்டில் பக்கம் இழுத்தேன்.

"போடா உள்ள. கும்பிடக்கூட வேண்டாம், காட்டிட்டு வந்துரு. மலைக்காரருக்கும் தெரியும்ல, எதுக்காகன்னு?"

"தொட்டில்ல கெடக்குறது ஓம் பேத்தியா, எம் பேத்தியா அக்கா?"

பிடித்த சட்டையை விட்டுவிட்டேன். தங்கையின் கால் நீலமாக வீங்கியதை நானும் பார்த்தவள்தான்.

"அவரு வீட்டக் காப்பாத்துறதுக்கு அவர்கிட்டயே அழுக்கோட போகச் சொல்ற," என்றான் அவன். "அப்பறம் அந்த வீடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அப்போதுதான் அபெலினோ வந்தான். காட்டிலிருந்து நேராக வந்திருக்கிறான். ரப்பர் பூட்ஸ் முழுக்கச் சேறு, கையில் வெட்டுக்கத்தி. நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அண்ணனைப் பார்க்காமல் நீதிபதியிடம் ஸ்பானிஷில் பேசினான். பிறகு எங்களுக்காக எங்கள் பேச்சிலும் சொன்னான்.

"நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு உப்பும் ஒண்ணுதான், சர்க்கரையும் ஒண்ணுதான். வழி தெரியும். சின்னதுல அப்பா கூடப் போயிருக்கேன்."

மக்காரியோ பாதையை அடைத்துக்கொண்டு நின்றான். தம்பியை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒரு அடி விலகி வழிவிட்டான். கன்னி மரியாளுக்கும் மலைக்காரருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் நன்றி சொன்னேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று நினைத்தேன். பேசாத தம்பி அல்லவா வந்து நிற்கிறான்!

அவர்கள் உள்ளே போனார்கள். நாங்கள் குகை வாயில் தெரிகிற தூரத்தில் காத்திருந்தோம். திரும்பி வந்தபோது நீதிபதியின் உள்ளங்கை கரியாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் குங்கிலியம் புகைந்த சுவரை அவர் தொட்டிருக்கிறார். முகமே மாறியிருந்தது. நம்பிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

குமாஸ்தா பேனாவை எடுத்தார். பைபிளைக் கொண்டுவந்து அபெலினோவிடம் சத்தியம் வாங்கினார்கள். அதைத் தொட்டதும் அவன் தோள் நிமிர்ந்தது.

கம்பெனி வக்கீல் கேட்டார், "நீங்கள் இந்த ஊரில் பிறந்தவர்தானே?"

"ஆமா."

"இது புனிதமான இடமா?"

அபெலினோ என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினேன். அவன் நீதிபதி பக்கம் திரும்பினான்.

"இல்ல ஐயா. கர்த்தர் ஒருத்தர்தான் பரிசுத்தர்."

"ஊரில் எத்தனை பேர் உங்கள் சபைக்கு வருகிறார்கள்?"

"பாதிக்கு மேல."

"அவர்களில் யாராவது இங்கே வந்து கும்பிடுகிறார்களா?"

"வரமாட்டாங்க." பிறகு அவனாகவே அவசர அவசரமாகச் சொன்னான்: "எங்க அண்ணன் கும்பிடுவாரு ஐயா. நெசமாவே கும்பிடுவாரு. எங்க அப்பாவும் கும்பிட்டாரு."

நீதிபதி உடனே மக்காரியோ பக்கம் திரும்பினார். அந்த மனிதர் எங்களுக்கு உதவத்தான் பார்த்தார். அது இன்னும் என்னைச் சுடுகிறது. "வழி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே வந்து எப்படிக் கும்பிடுவீர்கள் என்று ஒரு நிமிஷம் காட்டுங்கள். போதும்."

மக்காரியோ தொப்பியைக் கழற்றினான். குகை வாயில்வரை நடந்தான். உள்ளேயிருந்து வந்த குளிர்காற்றில் அவன் சட்டை அசைந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

நீதிபதி தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார். எங்கள் வக்கீலம்மா பாதி வழியில் அவர்களுக்கு எதிரே வந்தாளாம். வந்து என்ன செய்ய? கல்யாணம் முடிந்தபின் மேளம்.

அபெலினோவை நான் விடவில்லை. "ஒரு பொய் சொல்லியிருந்தா ஒன் நாக்கு வெந்தா போயிருக்கும், படுபாவி?"

"பைபிள் மேல கைய வெச்சுட்டேனே அக்கா."

"ஒன் காடும்தான்டா போகுது!"

"தெரியும்," என்றான். சின்னப் பிள்ளைபோல அழுதான்.

மழைக்காலம் முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. கும்பிடுவதாகச் சொல்பவர் உள்ளே போக மறுத்தார், உள்ளே போனவர் கும்பிட மறுத்தார், எனவே ஊருக்கு அங்கே புனித இடம் ஏதும் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தது. முதலில் வேலி வந்தது. பிறகு வெடி. முதல் வெடி வைத்தது அபெலினோவின் காட்டை ஒட்டி. மக்காரியோவின் பேத்தி நன்றாக இருக்கிறாள். ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், அழுவதில்லை. மக்காரியோ ஒரு முழு விரதம் இருந்துவிட்டு, மலைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வரவாவது உள்ளே விடுங்கள் என்று வேலிக்குப் போனான். காவல்காரன் எங்கள் ஆள்தான், எங்கள் பேச்சுதான் பேசுகிறான். "மாமா, உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் கல்லுதான் கெடக்கு, போங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

இப்போது, வெடிக்குத் தள்ளி வேறு இடம் போக, இரண்டு தம்பிகளும் சேர்ந்து வீடுகளைக் கழற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். தகரக் கூரையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கிப் போகிறார்கள். பேசிக்கொள்வதில்லை.

இரண்டு பேரில் ஒருவனாவது பொய்யனாக இருந்திருந்தால் மலை இருந்திருக்கும். சந்தையில் தமால் கட்டும்போது இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா செத்தபின் இருவரையும் வளர்த்தது நான்தான். பொய் சொன்னால் காய்ந்த மிளகாயை நெருப்பில் போட்டு, அந்தப் புகையில் முகத்தைப் பிடிப்பேன். கத்துவார்கள், இருமுவார்கள், இனி சொல்லமாட்டேன் அக்கா என்று காலைக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு இருவரும் பொய் சொன்னதே இல்லை.