பச்சைச் சேலை

என் மகள் முத்துப்பேச்சிக்குச் சம்பந்தம் பேசியபோது சம்பந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஒங்க குலசாமி எது?" என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து திருதிருவென்று விழித்தார். திண்டுக்கல் சந்தையில் வெங்காயத்தைப் பார்த்தே எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று சொல்லும் மனுஷனுக்குத் தன் பூர்வீகம் தெரியாது. மாமனார் சாகும்வரை வாயைத் திறக்கவில்லை.

குலசாமியைக் கும்பிடாமல் கல்யாணம் இல்லை என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார். எங்கிருந்து தொடங்குவது? மாமனார் விட்டுப்போனது ஒரு கட்டளை மட்டும்தான். வீட்டில் பிறந்த பெண் பச்சை உடுத்தக் கூடாது. மருமகள் நான் உடுத்தலாம். பச்சைப் பாவாடை கேட்டு அழுத பேத்தியை ஒருமுறை அடித்தே விட்டார். வேறெதற்கும் அவள்மேல் அவர் கைநீட்டியதில்லை.

என் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டார். இப்படியொரு வழக்கம் எந்த வகையறாவில் உண்டு என்று சந்தைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த குஜிலியம்பாறைப் பக்கத்து ஆள் ஒருவன், இதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சின்ன ஊரின் பெயரைச் சொன்னான்.

பஸ் பிடித்துப் போனோம். மழை பார்த்து வருஷக்கணக்கான மண். நாலைந்து வீடுகள், வற்றிய கிணறு, கிணற்று மேட்டில் பச்சைச் சேலை சுற்றிய கல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை அந்தச் சேலை மட்டும்தான் பச்சை. பங்காளிகளில் மூத்தவரான சடையாண்டி இவரைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"மலைச்சாமி மவனா? பொம்பளப் புள்ள இருக்கா அப்பு?"

"இருக்கா. வர்ற தையில கல்யாணம்."

"நல்லதாப் போச்சு. எங்க வீடுகள்ல அம்புட்டும் ஆம்பளப் புள்ளைகதான்."

இவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து எல்லோரையும் அழைத்தார். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணைச் சாமி கும்பிட அனுப்புவதாக வாக்கும் கொடுத்தார்.

தண்ணீர் கேட்டுப் போன என்னைச் சடையாண்டி வீட்டு மருமகள் அய்யம்மாள் அடுப்படிக்குள் இழுத்தாள்.

"அந்தக் கல்லு ஒங்க மாமனாரோட தங்கச்சி. கல்யாணத்துக்கு முந்துன நாளு பச்சை கட்டிக் கூட்டிட்டுப் போயி, கெணத்துல தள்ளிட்டாக. அன்னைக்கே மழ கொட்டுச்சாம். அவரு ஊரவிட்டே ஓடிட்டாரு. மழ பொய்க்கிறப்பல்லாம் இவுக ஒங்களத்தான் தேடுவாக. நீங்களா வந்து நிக்கிறீக."

பஸ்ஸில் அழுதுகொண்டே சொன்னேன். "பொம்பளைக பேச்சு" என்று தள்ளிவிட்டார். "இம்புட்டு நாளு அநாதையாக் கெடந்தேன். இப்பத்தான் சொந்தம் கெடச்சிருக்கு. கெடுத்துராத." சம்பந்தியிடம் சொன்னேன். குலசாமியைப் பழிக்கக் கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. பந்தலுக்கு வெளியே பிளசர் கார் வந்து நின்றது. சடையாண்டி தாம்பாளத்தை நீட்டினார். பூ, பழம், பச்சைப் பட்டு.

முத்துப்பேச்சி அதை வாங்கித் தோளில் போட்டுப் பார்த்தாள். "தாத்தா இருந்திருந்தா விட்டிருப்பாராம்மா?" என்று சிரித்தாள்.

அவளை அறைக்குள் இழுத்துக் கதவைத் தாழிட்டேன். சேலையைப் பிடுங்கினேன். அவள் சிரிப்பு நின்றது.

வெளியே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"செத்த நேரம் உக்காருங்கப்பு. கட்டிக்கிட்டு வந்துருவா."