ஏழாவது கையெழுத்து

விராலிமலை பைபாஸ் ஓரத்தில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. கீழே முகூர்த்த நாளில் மட்டும் மேளச்சத்தம். மேலே வருஷம் பூராவும் கீபோர்டு சத்தம். சுத்துப்பட்டு ஊர்களிலிருந்து எண்பது பேர் வேனில் வந்து இறங்குவார்கள், முக்கால்வாசி பெண்கள். ஊரில் யாராவது விசாரித்தால் "எம் மக ஐ.டி.யில இருக்கா" என்பதுதான் பெற்றவர்கள் பதில். ஏசி ஓடுகிறது, கழுத்தில் அட்டை தொங்குகிறது, பிறகு அது ஐ.டி. இல்லாமல் வேறென்ன?

ஆவூர் செல்வராணி அங்கே ஐந்து வருஷமாக இருந்தாள். எம்.எஸ்சி. கணக்கு படித்தவள். புருஷன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். முதலில் ரோட்டுப் படங்களில் கார் எது, மாடு எது என்று கட்டம் போடுகிற வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் தமிழ் வேலை வந்தது. எங்கெங்கோ வேலை பார்ப்பவர்கள் போனில் ஒருத்தருக்கொருத்தர் எழுதிக்கொண்டவை, பெயரெல்லாம் அழிக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் திரையில் வரும். சாதாரணப் பேச்சு என்றால் பச்சை. குறை சொல்கிற பேச்சு என்றால் மஞ்சள். ஆள் சேர்த்து நிர்வாகத்துக்கு எதிராகக் கிளம்புகிற பேச்சு என்றால் சிவப்பு. இவர்கள் போடுகிற நிறத்தைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளுமாம். "எதுக்கு சார் இது?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "தொழிலாளிங்க மனக்குறைய முன்கூட்டியே கண்டுபிடிச்சுத் தீர்த்து வைக்கத்தாம்மா" என்றார் மேனேஜர் அரவிந்த்குமார். நம்பினார்கள். ஒண்ணாந்தேதி சம்பளம் வருகிற இடத்தில் யார் தோண்டித் துருவிக் கேட்கப் போகிறார்கள்?

ஒவ்வொரு செய்தியும் மூன்று பேருக்குப் போகும். ஒருத்தர் போட்ட நிறம் அடுத்தவருக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரே நிறம் போட்டால் அதுதான் தீர்ப்பு. மாற்றிப் போட்ட மூன்றாவது ஆளுக்கு மார்க் போச்சு.

செல்வராணிக்கு மார்க் போனதே கிடையாது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று அவள் ஒன்று சொன்னாள். "கோவமாக் கத்துறவங்களுக்கு நாம செகப்புப் போடுறோம் சார். அவங்க கத்திட்டுப் போயி படுத்துக்குவாங்க. 'ஒனக்குப் பயமா இருந்தா வேணாம், நான் தப்பா நெனைக்க மாட்டேன்'னு பதவிசாப் பேசுறாங்க பாருங்க, அவங்க பின்னாடிதான் ஆளு சேரும். செகப்பு அதுக்குத்தான் போடணும்." அரவிந்த்குமார் கை தட்டினார். அவள் சொன்ன சொல்லை அப்படியே பதினான்காம் விதியாகப் புத்தகத்தில் ஏற்றினார்கள். ஆண்டு விழாவில் அவளுக்கு ஒரு ஹாட் பாக்ஸ் பரிசு. பெருமைக்குக் கேட்பானேன்? மறுநாளிலிருந்து சாப்பாடு அதில்தான் வந்தது.

அந்த டப்பாவில் பாதி பொற்கொடிக்கு. பக்கத்து சீட்டுக்காரி, ஒரே வயசு, விராலிமலையே சொந்த ஊர். மலையடிவாரத்தில் வீடு; அவள் வீட்டு அரிசியில் பாதி மயிலுக்குப் போகிறது என்று செல்வராணி கிண்டல் செய்வாள். அவளும் வாங்கிக்கொண்டு மட்டும் போகிறவள் இல்லை. செல்வராணியின் அம்மா ஆபரேஷனுக்குப் படுத்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய் போட்டுக் கிடந்தவள். கூடப் பிறந்தவள்கூட அவ்வளவு செய்யமாட்டாள். அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லவே எனக்கு வயிறு எரிகிறது.

முன்வரிசையில் மீனம்மாள் என்று ஒரு பெண், இருபத்து நாலு வயசு, ஏழு மாதக் கர்ப்பிணி. மவுசில் ஒரு நிமிஷம் கை அசையாவிட்டால் திரை அதைச் 'சும்மா இருந்த நேரம்' என்று எழுதிக்கொள்ளும். கர்ப்பிணிக்கு அடிக்கடி எழுந்து போகத்தானே வேண்டியிருக்கும்? அந்த மெஷினைப் பெற்ற தாய் யாரென்று தெரியவில்லை, அதற்கு இது தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மீனம்மாளைக் கூப்பிட்டு, "ரெஸ்ட் எடும்மா, பிரசவம் முடிஞ்சு புதுசா அப்ளை பண்ணு" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அவள் வேன் படியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்கு வேனில் செல்வராணி பின்சீட்டில் மெதுவாகப் பேச்செடுத்தாள். "நாமளும் ஒரு சங்கம் வைக்கணும்டி."

"சங்கமா?" என்றாள் பொற்கொடி. "அதெல்லாம் மில்லுக்காரங்களுக்கு, பஸ்சுக்காரங்களுக்கு. ஏசியில ஒக்காந்து மவுசு பிடிக்கிறவளுக்கு எதுக்குடி சங்கம்? கேட்டாச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். மில்லுலயாச்சும் மனுசன் கங்காணிகிட்டக் கெஞ்சலாம். நாம யாருகிட்டக் கெஞ்சுறது, ஸ்கிரீன்கிட்டயா? அந்த ஏசிக் குளுருல ஒண்ணுக்கு ரெண்டு தடவ கூடத்தான் வருது. அதுக்கும் கணக்கு எழுதுற எடத்துக்குப் பேரு ஐ.டி.யா?"

பிரகதீஸ்வரி, ஆரோக்கியம்மாள் என்று பின்சீட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிவாகிவிட்டது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டு திருச்சி லேபர் ஆபீசில் கொடுத்தால் சங்கத்தைப் பதியலாம் என்று செல்வராணி படித்து வைத்திருந்தாள். சங்கம் பதிவானால் முதல் மனுவே மீனம்மாள் வேலைக்காகத்தான்.

ஏழு பேரும் கூடுவது எங்கே? ஆபீசில் கேமரா. வேன் ஓட்டுகிறவர் மேனேஜருக்கு மச்சான் முறை. அப்போதுதான் மீனம்மாள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, அடுத்த ஞாயிறு வளைகாப்பு. வளையல் போட ஏழு சுமங்கலிகள் வேண்டும். ஏழுக்கு ஏழு. வளைகாப்புக்குப் போவதை எந்தக் கம்பெனி தடுக்கும்? ஏழு பேருக்கு மட்டும் போனில் ஒரு குரூப் ஆரம்பித்தார்கள்.

நாள் நெருங்க நெருங்கப் பொற்கொடி குரூப்பில் எழுதுவது குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை மத்தியானம் செல்வராணிக்கு மனசு கேட்கவில்லை. குரூப்பில் இல்லாமல் அவளுக்கு மட்டும் தனியாக எழுதினாள். 'பொற்கொடி, ஒனக்குப் பயமா இருந்தா வேணாம்டி. நீ கையெழுத்துப் போடலேன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன். மீனம்மாளுக்கு வளையல் மட்டும் போட்டுட்டுப் போ. நாம எப்பவும் போலத்தான்.'

'வாரேன்டி' என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மீனம்மாளை மணையில் உட்கார்த்தி, கன்னத்தில் சந்தனம் பூசி, அவள் அம்மா ஒரு பெரிய டப்பா நிறையக் கண்ணாடி வளையலைத் திறந்து வைத்தாள். எல்லாம் ஒரே தினுசு. ஒவ்வொருத்தியாக வந்து இரண்டு கைக்கும் வளையல் போட்டு, நேரே உள்ரூமுக்குப் போய், நெல் மூட்டைமேல் வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாகப் பொற்கொடி. பரீட்சைப் பேப்பரில் எழுதுவதுபோல முத்து முத்தாகத் தன் பெயரை எழுதினாள். "நாளைக்கு எனக்கு லீவுதான். திருச்சிக்கு நானே கொண்டுபோயிக் குடுத்துர்றேன். எங்க வீட்டு வாசல்லயே பஸ்சு" என்று தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். செல்வராணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். புளிச்சோறும் தயிர்ச்சோறும் அன்றைக்கு அத்தனை ருசியாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை சீட்டில் உட்கார்ந்ததும் பொற்கொடி குனிந்து காதில் சொன்னாள். "குடுத்துட்டேன்டி. ஒரு மாசத்துல பதிவு நம்பர் வந்துருமாம்."

"ஒனக்கு எங்காத்தா கையால வச்ச மீன் கொழம்பு கொண்டாந்துருக்கேன். மயிலுக்குப் போடாமத் தின்னு" என்றாள் செல்வராணி. சந்தோஷத்தில் காலையிலிருந்து கை பறந்தது.

பதினோரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. 'வேன்ல பேசாதீங்க. டிரைவருக்கு காது நீளம்.' படித்ததும் சிரிப்பு வந்தது, யாரோ நம்மைப் போலவே எழுதியிருக்கிறாளே என்று. சிரிப்பு பாதியில் நின்றது. அது அவளே அந்தக் குரூப்பில் எழுதியது. அடுத்தது, '____க்கு நடந்தது நாளைக்கு நமக்கும் நடக்கும்.' அழித்த இடத்தில் இருந்தது மீனம்மாள் பெயர். அது பிரகதீஸ்வரி எழுதியது. யார் காலியாக இருக்கிறார்களோ அவர்களுக்கு அடுத்த செய்தியைத் தள்ளிவிடுவது மெஷினின் பழக்கம். எழுதினவளிடமே அவள் எழுத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறோம் என்று அதற்கென்ன தெரியும்?

குரூப்பில் இருந்தது ஏழே பேர். யார் காட்டிக் கொடுத்தது? செல்வராணி ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள். பிரகதீஸ்வரிக்குக் கடன் தொல்லை உண்டு, அவளாக இருக்குமோ? ஆரோக்கியம்மாள் எல்லாரிடமும் வாய் விடுகிறவள், அவளாக இருக்குமோ? ஐந்து பேரையும் மனசுக்குள் ஒரு தடவை திருடியாக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருப்பவளை மட்டும் நினைக்கவே இல்லை.

மூன்றாவது செய்தி வந்தது.

'ஒனக்குப் பயமா இருந்தா வேணாம்டி. நீ கையெழுத்துப் போடலேன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்.'

இது குரூப்பில் போட்டது இல்லை. ஒருத்திக்கு மட்டும் போட்டது. திரை மூலையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன, சும்மா இருக்கிறாளாம். செல்வராணி பச்சையை அமுக்கினாள்.

உடனே பதில் வந்தது. 'தவறு. மற்ற இருவர் விடை: சிவப்பு. காண்க, விதி பதினான்கு.' அதற்குக் கீழே அந்த விதி. கத்துகிறவர்கள் போய்ப் படுத்துக்கொள்வார்கள், பதவிசாகப் பேசுகிறவர்கள் பின்னால்தான் ஆள் சேரும் என்று அவள் வாயால் சொன்ன அதே சொல். அந்த இரண்டு பேர்மேலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்பார்களே, அதை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அனுபவித்தாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. ஹாட் பாக்ஸைத் திறந்து வைத்தாள். பொற்கொடி வழக்கம்போல மீனை எடுத்துப் போட்டுக்கொண்டு பிசைந்தாள். பாதி சாப்பிட்டதும்தான் செல்வராணி கேட்டாள்.

"குரூப்புல உள்ளதக் குடுத்த, சரி. ஒனக்கும் எனக்கும் நடுவுல பேசுனத ஏன்டி குடுத்த?"

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. பொற்கொடி இல்லை என்று சொல்லவில்லை. "மேனேஜரு போனையே கேட்டாரு, மெஷின்ல போட்டுப் பாக்கணும்னு. குடுத்துட்டேன்."

"பேப்பரு?"

"அதுவும் அவருகிட்டத்தான் இருக்கு."

"அப்பறம் எதுக்குடி கையெழுத்துப் போட்ட?"

"போடலேன்னா பேப்பர என்கிட்டத் தந்துருப்பீங்களா?"

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இவ்வளவு நிதானமாக அறுப்பார்கள் என்று செல்வராணிக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதாலும் இவள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மாமியா படுத்த படுக்கையா கெடக்குறா. வீட்டுல இருந்தே வேல பாக்கலாம்னாரு, அதான். ஒனக்கென்ன, புருசன் சிங்கப்பூர்ல" என்றாள் பொற்கொடி. செல்வராணி அவளையே பார்த்துக்கொண்டிருக்கவும் பொற்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படிப் பாக்காதடி. நீ மட்டும் என்ன? போன வருசம் எத்தன பேருக்கு செகப்புப் போட்ட? அவங்கள்லாம் இப்ப வேலையிலயா இருப்பாங்கங்கற? அவங்களும் எவளோ ஒரு மீனம்மாவுக்காகப் பேசுனவங்கதானே?"

"எனக்குத் தெரியாதுடி."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்." பொற்கொடி எழுந்து போய்க் கை கழுவினாள். தட்டில் மீன் முள் மட்டும் சுத்தமாக எடுத்து ஓரத்தில் வைக்கப்பட்டிருந்தது.

மூன்று மணிக்குள் ஆறு பேரையும் ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். பிராஜெக்ட் முடிந்துவிட்டதாம். கம்பெனி ஒரு குடும்பமாம், குடும்பத்துக்குள் சங்கம் எதற்காம். செல்வராணி அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சார், ஒண்ணே ஒண்ணு. இதுக்கு முன்னாடி நாங்க செகப்புப் போட்டவங்கள என்ன பண்ணுனாங்க?"

"அது கஸ்டமர் வெவரம்மா. நமக்குத் தெரியாது" என்றார் அரவிந்த்குமார், முகத்தைப் பார்க்காமல்.

ஹாட் பாக்ஸையும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுவும் கம்பெனி குடுத்ததுதான் சார். கழுவல."

வேனில் ஏறவில்லை. பஸ் பிடித்து மீனம்மாள் வீட்டு வாசலில் இறங்கினாள். போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் போனில் இனி எதை எழுதுவதற்கும் விரல் வரவில்லை. மீனம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், கை நிறைய வளையல் குலுங்கியது.

"வாங்கக்கா. பொற்கொடிக்கா திருச்சியில குடுத்துருச்சா? எப்ப கூப்புடுவாங்களாம்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இன்றைக்குப் பார்த்த பொய் போதும் என்றும் தோன்றியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பதினான்காம் விதியையும் விடவில்லை. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மீனம்மாள் கீரையைத் தள்ளி வைத்தாள். பிறகு இரண்டு கையையும் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"பொற்கொடி போட்ட வளையல் எதுங்கக்கா? அத மட்டும் காட்டுங்க, ஒடச்சுப் போடுறேன். அது போட்ட வளையலோட நான் புள்ளப் பெத்துக்க மாட்டேன்."

செல்வராணி குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு வளையலாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். ஐந்து வருஷம் இது வேறு அது வேறு என்று பிரித்துக் காட்டியே சம்பளம் வாங்கினவள். அவள் போட்டதும், பிரகதீஸ்வரி போட்டதும், ஆரோக்கியம்மாள் போட்டதும், பொற்கொடி போட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"தெரியல மீனம்மா" என்றாள். "எல்லாம் ஒரே டப்பா."